ஏர் ரைஃபிள் ட்யூனிங்: திருப்புளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கோவையில் பம்ப்செட் பட்டறையில் கை பழகியவர்களுக்கு வால்வு என்றால் பயமே கிடையாது. சிலிண்டரில் உயர் அழுத்தக் காற்றை முன்பே அடைத்துச் சுடும் பி.சி.பி. ஏர் ரைஃபிளைக் கெடுப்பதும் அந்தத் துணிச்சல்தான். குண்டின் வேகம் கொஞ்சம் குறைந்தால் போதும், வால்வை அடித்துத் திறக்கும் ஹாமருடைய ஸ்பிரிங்கின் திருகை இறுக்கிவிடுகிறார்கள்.

கிணற்று ஃபுட் வால்வை நினைத்துப் பாருங்கள். குழாயில் நிற்கும் தண்ணீரின் கனமே அதை மூடி வைக்கிறது. ரைஃபிள் வால்வையும் அப்படித்தான் சிலிண்டர் காற்று அழுத்திப் பிடிக்கிறது. வால்வுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத ரைஃபிளில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியதும் முதல் சில குண்டுகள் மந்தமாகப் போகலாம். ஹாமர் அடித்தும் வால்வு போதுமான அளவு திறப்பதில்லை. அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, பிறகு சரியும். இதற்கு ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை, சற்றுக் குறைவாக நிரப்பினால் சரியாகிவிடும்.

கணபதியில் லேத் ஓட்டும் தம்பி ஒருவன் தன் ரைஃபிளைக் கொண்டுவந்தான். "காற்று சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதுங்கண்ணா." சுட்டுக் காட்டச் சொன்னேன். 'டப்' என்ற சத்தத்தின் வாலில் மெல்லிய இன்னொரு தட்டல். துள்ளிய ஹாமர் மறுபடி வால்வைத் தட்டி, குண்டு போன பிறகும் காற்றைக் கக்க வைக்கிறது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை முன்னால் வைத்து, திருகைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தினோம். ஒன்றரைச் சுற்று வரை வேகம் அசையவே இல்லை. அவ்வளவும் வீண் காற்று! வேகம் மூன்று நான்கு சதவீதம் இறங்கிய இடத்தில் நிறுத்தினோம்.

வெட்டினால் ஸ்பிரிங் இளகும் என்று நம்புகிறவர்களும் உண்டு. முன்னழுத்தம் குறையும், உண்மைதான்; ஆனால் சுருள் குறைந்த ஸ்பிரிங் விறைப்பாகும். 20 சுருளில் 2 போனால் விறைப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு கூடும். கிரைண்டர் சூட்டில் முனையின் பதமும் போய்விடும். வால்வு சீட்டில் என்ஜினுக்குப் போடும், உராய்வுப் பொடி கலந்த லேப்பிங் பேஸ்டைத் தேய்ப்பவர்களை என்ன சொல்வது? பிளாஸ்டிக் வால்வுத் தலையில் அந்தப் பொடி பதிந்தால் கசிவு நிற்காது.

காற்றை முழுக்க வெளியேற்றாமல் கழற்றாதீர்கள். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போடுங்கள். உயர் அழுத்தத்தில் பெட்ரோலிய எண்ணெய் தீப்பிடித்து வெடிக்கலாம். வெல்டிங் பட்டறை ஆக்சிஜனை நிரப்புவது தற்கொலை.

அரை கிராம் குண்டு விநாடிக்கு 175 மீட்டரில் போனால் சுமார் 8 ஜூல். 10 மீட்டர் தூரத்து இலக்குத் தாளுக்கு அது தாராளம். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினால் உரிமம் வேண்டும். சோளக்காட்டு மயிலுக்காகச் சக்தியைக் கூட்டித் தரச் சொல்லி வருகிறவர்களின் ரைஃபிளை நான் கையால்கூடத் தொடுவதில்லை.