பழைய கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

ஏசி குளிரவில்லை என்றதும் பெரும்பாலும் காதில் விழுவது, "கேஸ் போயிருக்கும், ஏத்திடலாம்." நானும் அதை நம்பி ஒரே கோடையில் மூன்று முறை ஏற்றினேன். நான்காவது முறை நான் போய்ப் பார்த்த மெக்கானிக் ஒரு குழாய் இணைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன ரப்பர் வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்து, தட்டையாகி, நகத்தால் அழுத்தியதும் ஒடிந்தது. மூன்று முறையும் கேஸ் வெளியேறியது அந்த வழியாகத்தான்.

கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீராது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் ஹோஸ்கள் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் குறைவது சகஜம். சில மாதங்களில் காலியானால் எங்கோ ஒழுகுகிறது. அதனால் கேஸைக் கடைசியாகப் பார்ப்போம்.

1. காற்று வருகிறதா?

ப்ளோயரை (உள்ளே காற்றைத் தள்ளும் விசிறி) எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். அதிக வேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் அதன் வேகத்தைக் குறைக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். எல்லா வேகத்திலும் காற்று மெலிந்து வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள் (மிகப் பழைய கார்களில் அது இருக்காது). முதலில் நன்றாக வந்து, அரை மணி நேரத்தில் காற்று குறைந்து, ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டதும் பழையபடி வந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் பனி உறைகிறது. காயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரையோ தெர்மோஸ்டாட்டையோ முதலில் சந்தேகப்படுங்கள். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும்.

2. கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறதா?

புதிதாகக் கற்பவர்கள் இதில் நேரம் செலவிடலாம், பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். தொங்கும் துணி, சங்கிலி எதுவும் இல்லாமல் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று கம்ப்ரஸரின் (கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்) முன்பக்கத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் இருக்கும் தட்டு சும்மா நிற்கும். உள்ளே ஒருவர் ஏசியைப் போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து, தட்டும் புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். இப்படிச் சேர்த்துப் பிடிப்பதுதான் கிளட்ச்.

தட்டு அசையவே இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் ரிலே (கிளட்சுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன மின் சுவிட்ச்): பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் சரி என்றால் மல்டிமீட்டரை எடுத்து, கிளட்சுக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வோல்ட் வந்தும் பிடிக்காவிட்டால் கிளட்ச் காயில் போயிருக்கலாம், அல்லது தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி தேய்மானத்தால் கூடியிருக்கலாம். காலையில் பிடித்து, இன்ஜின் சூடானதும் விட்டுவிடுகிற கார்களில் இந்த இடைவெளிதான் அடிக்கடி காரணம்.

வோல்ட்டே வராவிட்டால், கேஸ் குறைந்ததால் பிரஷர் சுவிட்ச் கரண்டைத் தடுத்திருக்கலாம். சுவிட்ச்சை ஒயரால் இணைத்துக் கம்ப்ரஸரை ஓட்டாதீர்கள். கம்ப்ரஸருக்கு ஆயிலைத் திரும்பக் கொண்டுவருவதே சுற்றி வரும் கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரஸர் இறுகிப் போகும்.

தட்டு சில நொடிகளுக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விடுகிறதா? கேஸ் குறைவுக்கு அது நல்ல அடையாளம்.

3. கண்டென்சரும் ஃபேனும்

கண்டென்சர் என்பது காரின் முன்பக்கத்தில், கேஸின் சூட்டை வெளியே விடும் பகுதி. வேகமாகப் போகும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் வெக்கை என்றால் நேராக இங்கே வாருங்கள். ஏசி போட்டதும் முன்பக்க ஃபேன் ஓட வேண்டும் (சில கார்களில் விட்டு விட்டு ஓடும்). அது தானாகவே கிளம்பும், விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள். கண்டென்சர் இடுக்கில் இருக்கும் பூச்சி, தூசியை இன்ஜின் ஆறியபின் மெல்லிய தண்ணீர்ப் பீச்சலில் கழுவுங்கள். அழுத்தம் அதிகமானால் தகடுகள் மடங்கிவிடும்.

4. தடித்த குழாயைத் தொட்டுப் பாருங்கள்

பத்து நிமிடம் ஏசி ஓடியபின், காருக்குள்ளிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் தடித்த குழாயைத் தொடுங்கள். சில்லென்று, மேலே நீர் முத்து முத்தாகக் கோத்திருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயைத் தொடாதீர்கள், சுடும்.

இந்தக் குழாய் சில்லென்று இருந்தும் உள்ளே வெதுவெதுப்பான காற்று வந்தால் ஏசியைக் குறை சொல்ல வேண்டாம். ஹீட்டரின் சூடு கலக்கிறது. டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவையும், ஹீட்டர் வால்வையும் பாருங்கள்.

5. ஒழுகலைத் தேடுங்கள்

கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியேறும், அதன்மேல் தூசி படியும். இணைப்பு, ஹோஸ் முனை, கம்ப்ரஸர் முன்பக்க சீல், சர்வீஸ் வால்வு மூடி என ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த இடத்தில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகக் காத்திருங்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் அதன் ஒழுகல் கண்ணில் படாது. அதற்கு எலக்ட்ரானிக் டிடெக்டர் வேண்டும்.

6. இனி கேஜ் (அழுத்தமானி), கேஸ்

இது கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கின் வேலை. ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆனால் அவர் செய்வதைப் புரிந்துகொள்வது நல்லது.

வண்டி நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது. 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலும், முழுதாக இருந்தாலும், ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐதான் காட்டும். ஓடும்போது பார்ப்பதே பயன். கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம் தாழ் பக்கம், அது அழுத்தி வெளியே தள்ளும் பக்கம் உயர் பக்கம். இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவு என்றால் கேஸ் குறைவு. தாழ் பக்கம் கூடி, உயர் பக்கம் குறைந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். தாழ் பக்கம் வாக்குவம் (வெற்றிடம்) வரை இறங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு இருக்கலாம்.

1990-களின் நடுப்பகுதிக்கு முன் வந்த கார் என்றால் பானெட்டுக்கு அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். ஆர்-12 (பழைய வகை ஏசி கேஸ்) என்றிருந்தால் ஆர்-134ஏவை அப்படியே ஏற்றக் கூடாது, கம்ப்ரஸரில் இருக்கும் பழைய மினரல் ஆயிலோடு அது கலக்காது.

ஒழுகலை அடைத்ததும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: குழாயைத் திறந்திருந்தால் புது டிரையர் (உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பாகம்), குறைந்தது அரை மணி நேர வாக்குவம் (பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), லேபிளில் உள்ள கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றிய கேஸ். வாக்குவம் இழுத்து மெஷினை நிறுத்தியபின் முள் ஏறுகிறதா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏறினால் இன்னும் ஓர் ஒழுகல் மிச்சம் இருக்கலாம், கேஸ் ஏற்ற விடாதீர்கள்.