மூன்றாவது ராம் வாங்குவதற்கு முன்

டெஸ்க்டாப்பில் அடிக்கடி போகிற பாகம் என்றால் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி), ஃபேன், பழைய ஹார்ட் டிஸ்க் என்று சொல்லலாம். ராம், அதாவது மெமரிப் பட்டை, அந்த வரிசையில் வராது. சுற்றுகிற, தேய்கிற பாகம் எதுவும் அதில் இல்லை. பல கம்பெனிகள் வாழ்நாள் வாரண்டி கொடுப்பதே அந்தத் தைரியத்தில்தான். ஒரு ராம் போனால் கெட்ட பீஸ் என்று விட்டுவிடலாம். அதே கம்ப்யூட்டரில் சில மாதங்களில் இரண்டாவதும் போனால், சந்தேகம் ராமை விட்டு நகர வேண்டும்: ஸ்லாட் (ராம் மாட்டுகிற இடம்), பிராசஸர், பயாஸ் (மதர்போர்டின் ஆரம்ப மென்பொருள்) செட்டிங், கரண்ட். ஆனால் நடப்பது என்னவோ மூன்றாவது ராமுக்கு ஆர்டர் போடுவதுதான்.

முதலில், "போய்விட்டது" என்று ஒதுக்கிய ராம் உண்மையிலேயே போய்விட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. டிஸ்ப்ளே வரவில்லை, பீப் அடிக்கிறது, புதுசு போட்டதும் ஓடுகிறது, ஆகவே பழையது செத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புதுசைப் போடும்போது இரண்டு வேலை நடக்கிறது. ராம் மாறுகிறது, கூடவே ஸ்லாட்டில் படிந்த தூசியும் கறையும் உரசிப் போய் காண்டாக்டும் சரியாகிறது. எது பலித்தது என்று தெரிய, பழைய ராமைப் பொருந்துகிற இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதிக்க வேண்டும். அங்கே ஒழுங்காக ஓடினால், கழற்றி மாட்டினாலே தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ஒரு ராமின் விலையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் நம்ம ஊர் ரப்பர் வைத்தியம். சர்வீஸ் கடையில் ராமைக் கழற்றினால் கை தானாக ரப்பரைத் தேடும். மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் துடைப்பது அவசரத்துக்குப் பரவாயில்லை. மை அழிக்கிற கரகரப்பான ரப்பர் கூடவே கூடாது. காண்டாக்ட் மேலே இருப்பது மிக மெல்லிய தங்கப்பூச்சு. அது சுரண்டப்பட்டால் அடியில் உள்ள உலோகம் வெளியே வந்து இன்னும் சீக்கிரம் கறுக்கும். உப்புக்காற்று வீசுகிற ஊர் என்றால் சொல்லவே வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

ஷட்டவுன் கொடுத்தவுடனே ராமைப் பிடுங்குவதும் தவறு. கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும், பிளக் சொருகி சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் வந்துகொண்டே இருக்கும். ஸ்லீப்பில் இருந்தால் இன்னும் மோசம்: ஃபேன் நின்றிருக்கும், மானிட்டர் கறுப்பாக இருக்கும், ராமுக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இழுத்தால் நல்ல ராமையே நாம் கெடுத்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டை இறக்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்ட பிறகு கை வையுங்கள்.

சோதிப்பதிலும் அவசரம். விண்டோஸில் இருக்கிற மெமரி டெஸ்ட் "பிழை இல்லை" என்று சொன்னதை முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நம்ப முடியாது. மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்றாவது ஓடவிட வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். சூடேறின பிறகுதான் சில பிழைகள் தலை காட்டும். "ரெண்டே ரெண்டு எரர்தானே" என்று சமாதானம் சொல்லக் கூடாது. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான்.

ஆனால் எல்லா ராமையும் மாட்டிவைத்து டெஸ்ட் ஓட்டினால் யார் குற்றவாளி என்று தெரியாது. ஒரு ராம், ஒரு ஸ்லாட், ஒரு முழு டெஸ்ட். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் இரண்டு ராமிலும் 1, 2 என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பொதுவாகப் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2, முதலில் நிரப்ப வேண்டியவை. இப்போது பாருங்கள். 1 எங்கே போட்டாலும் எரர், 2 எங்கேயும் இல்லை என்றால் 1-தான் கெட்டது. ஏ2-வில் இரண்டுமே எரர், பி2-வில் இரண்டுமே சுத்தம் என்றால் ராம் மேல் பழி இல்லை. தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்துப் போட்டால் எரர் என்றால், செட்டிங் அல்லது ராமை இயக்குகிற மெமரி கன்ட்ரோலர் பக்கம் திரும்ப வேண்டும்.

அந்த மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் இல்லை, பிராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003-ல் ஆத்லான் 64 மூலம் அதை உள்ளே கொண்டுபோனது. இன்டெல் 2008-ல் முதல் கோர் ஐ7-இல். ஆக, பிராசஸர் உட்கார்கிற சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் ஒரு ஸ்லாட், சில சமயம் ஒரு சேனலே (ஸ்லாட்டுகளின் ஒரு தொகுதியே) செத்ததுபோல் காட்டும். பின் சாக்கெட்டிலேயே இருக்கிற போர்டு என்றால், பிராசஸரை எடுத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக நிற்கிற பின்கள் வரிசையாக ஒரே மாதிரி மின்னும். வளைந்தது மட்டும் வேறு மாதிரி மின்னும். கூலரின் ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி முறுக்கியிருந்தாலும் இதே தொல்லை வரலாம். தளர்த்திவிட்டு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் எரர் நின்றுபோவதும் உண்டு.

பிராசஸரே கெட்டிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் சில, தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கிக் கெட்டுப்போவதை 2024-ல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அறிகுறி ப்ளூ ஸ்கிரீன், கேம் நடுவில் மூடிக்கொள்வது, "வீடியோ மெமரி போதவில்லை" என்ற செய்தி. மெமரி என்று எழுதியிருந்தால் யார்தான் ராமைச் சந்தேகப்பட மாட்டார்கள்? பயாஸ் அப்டேட்டில் தடுப்பு வந்தது, வாரண்டி இரண்டு ஆண்டு கூடியது. ஏற்கெனவே கெட்ட சிப் அப்டேட்டால் தேறாது. இந்தத் தலைமுறை உங்களிடம் இருந்தால் ராமுக்குச் செலவழிக்கும் முன் பயாஸ் தேதியைப் பாருங்கள்.

ராமைத் தர அளவைவிட வேகமாக ஓட்டுகிற பயாஸ் செட்டிங்கான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ விஷயத்துக்கு வருவோம். பெட்டியில் 3600 என்று அச்சிட்டிருக்கிற வேகத்தை உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறோம். டிடிஆர்4 வகை ராமுக்கான தர அளவு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35-க்குப் போகும். அந்த வேகத்தை ராம் தாங்கலாம், உங்கள் பிராசஸர் தாங்காமல் போகலாம். பயாஸில் அதை ஆஃப் செய்ததும் எரர் மறைந்தால் ராம் கெடவில்லை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வேகத்தை ஒரு படி குறைத்து ஓட்டுங்கள். தனியாக வாங்கிய இரண்டு ராமை ஜோடி சேர்ப்பதும் இதே கதை: மாடல் நம்பர் ஒன்றாக இருந்தும் உள்ளே ஒன்றில் சாம்சங் சிப், மற்றதில் மைக்ரான் சிப் இருக்கலாம். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 என்றால் இன்னொன்று: புதுசாக மாட்டிய பின் முதல் முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பொறுமை இல்லாமல் ஆஃப் செய்துவிட்டு "இதுவும் டெட்" என்பவர்கள் உண்டு.

நிஜமாகவே ராம்கள் வரிசையாகச் சாகிறதென்றால் கரண்டைப் பார்க்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ் மேல் எனக்கு மரியாதை கிடையாது. 12 வோல்ட் லைன் 11.4-லிருந்து 12.6-க்குள் நிற்க வேண்டும், பயாஸிலேயே தெரியும். ஆனால் வோல்டேஜ் சரியாகக் காட்டியும் அதில் வேகமான ஏற்ற இறக்கம் இருக்கலாம், அது சாதாரண மல்டிமீட்டரில் தெரியாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே வழி. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் எர்த் இல்லை. எர்த் இல்லாததால் மட்டும் ராம் போகாது. ஆனால் எர்த் இல்லாமல் சர்ஜ் (திடீர் அதிக வோல்டேஜ்) வந்தால் ஸ்பைக் கார்டால் அதை முழுதாகத் திருப்பிவிட முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

இதெல்லாம் முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புதுசாகப் போடாதீர்கள், பழைய பேக்கப் மேல் புது பேக்கப்பும் எழுதாதீர்கள். காப்பி ஆகிற ஒவ்வொரு ஃபைலும் அந்தக் கெட்ட மெமரி வழியாகத்தான் போகிறது. கல்யாண போட்டோ பாதி சாம்பல் நிறமாகத் திறக்கிறபோதுதான் அது தெரியவரும்.

கடைசியில் ராம்தான் கெட்டது என்று உறுதியானால், ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே வாரண்டிக்கு அனுப்புங்கள்; பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். சீரியல் ஸ்டிக்கரைக் கிழிக்காமல், மெம்டெஸ்ட் எரர் திரையின் போட்டோவையும் பில்லையும் சேர்த்து வையுங்கள்.