ஆம்ப்ளிஃபையர் ஐசியைக் காக்கும் இரண்டு டயோடுகள்

டிடிஏ2030 போன்ற ஐசியில் ஆம்ப்ளிஃபையர் செய்பவர்கள் சர்க்யூட்டில் உள்ள இரண்டு டயோடுகளை (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். ஒலி அளவு எல்லை மீறும்போதோ, ஐசியின் உள்பாதுகாப்பு இயங்கும்போதோ மின்னோட்டம் சட்டென்று தடைபடும். ஆனால் காயில் அதைத் தொடரவே முயலும். அப்போது அவுட்புட்டில் சப்ளையையும் தாண்டிய வோல்டேஜ் எழுந்து, உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டரைப் பழுதாக்கலாம். லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஹார்ன் ஸ்பீக்கர்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஒரு டயோடின் வெள்ளி வளையமுள்ள முனை பாசிட்டிவ் சப்ளைக்கு, மறுமுனை அவுட்புட்டுக்கு. இன்னொன்றின் வளையமுள்ள முனை அவுட்புட்டுக்கு, மறுமுனை நெகட்டிவ் சப்ளைக்கு. நெகட்டிவ் இல்லாத ஒற்றை சப்ளை என்றால் கிரவுண்டுக்கு. சாதாரண நேரத்தில் இரண்டும் சும்மா இருக்கும். மேலே சொன்ன திடீர் வோல்டேஜ் (ஸ்பைக்) வந்தால், சப்ளையைவிடச் சுமார் 1 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் அதைச் சப்ளை கெப்பாசிட்டருக்குத் திருப்பிவிடும்.

1என்4001 டயோடு பொதுவாகப் போதும். ஆனால் அதன் தாங்குதிறன் 50 வோல்ட்தான் என்பதால் நான் 400 வோல்ட் தாங்கும் 1என்4004 போடச் சொல்வேன். வேகமான யுஎஃப்4004 கிடைத்தால் இன்னும் நல்லது. டயோடுகள் ஐசியின் காலுக்கு மிக அருகில் இருக்கட்டும். பவர் கொடுக்கும் முன் வளையத்தின் திசையை இருமுறை பாருங்கள்: இரண்டும் தலைகீழானால் சப்ளையே ஷார்ட் ஆகிவிடும்.

அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வேறு வேலைக்கானவை. அவை அதிர்வெண் மிகுந்த அலைவை அடக்கும். டயோடுக்கு மாற்று ஆகாது.