நாற்பதுக்கு மேல் ஓட்டமும் எடைப்பயிற்சியும்: எங்கே சறுக்குகிறோம்?

ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானுக்காக மாதக்கணக்கில் முன்னதாகவே ஓடத் தொடங்கிவிடும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களைப் பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் பார்க்கலாம். அவர்களில் பலர் இப்போது ஜிம்முக்கும் போகிறார்கள். போகத்தான் வேண்டும். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அதிலும் அதிகம் கரைவது வேகமாக இயங்கும் தசை இழைகள்தான். மெதுவான நீண்ட ஓட்டத்தில் அவற்றுக்குப் பெரிதாக வேலை கிடையாது.

ஆனால் இரண்டையும் ஒரே வாரத்துக்குள் எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது. ஓடாத நாளைக் கால் பயிற்சிக்கு ஒதுக்குவது பலரும் செய்வது. செவ்வாய் இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது), புதன் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), வியாழன் டெம்போ (சீரான வேக ஓட்டம்), வெள்ளி டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது), ஞாயிறு லாங் ரன் (நீண்ட ஓட்டம்). நாளுக்கு ஒரு வேலை, பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கால்களுக்கு ஓய்வென்று எதுவும் சரியாக அமையவில்லை. இருபத்தைந்து வயதில் உடம்பு இதைப் பொறுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்தில், கனமாகக் கால் பயிற்சி செய்தால் வலி அடங்கவே இரண்டு நாள் ஆகிவிடும். அந்த வலியோடு ஓடினால் நடையே மாறிப்போய் முட்டியில் வந்து நிற்கும்.

கடினமான இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிடுங்கள். செவ்வாய் காலை இன்டர்வல், மாலையில் ஸ்குவாட். நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். ஓட்டம்தான் முக்கியம் என்றால் ஓட்டம் முதலில். அப்புறம் புதன்கிழமை முழு ஓய்வு, அல்லது பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம்.

எடை தூக்கினால் ஓட்டம் கெடும் என்று சொல்பவர்கள் 1980-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். அதில் உண்மையில் நடந்தது வேறு. பத்து வாரப் பயிற்சியில் ஒரு குழு வாரம் 5 நாள் எடைப்பயிற்சியும் 6 நாள் கடுமையான தாங்குதிறன் பயிற்சியும் சேர்த்துச் செய்தது. அவர்களின் கால் வலு ஏழெட்டு வாரம் வரை ஏறி, கடைசி இரு வாரங்களில் இறங்கியது. தாங்குதிறன் குறையவில்லை. அந்த அளவுக்கு வேலைக்குப் போகிற யாருமே பயிற்சி செய்யப்போவதில்லை. வாரம் இரண்டு முறை எடை தூக்குபவர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, "நீங்கள் ரன்னர்தானே" என்று இரண்டு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து 25 ரெப், அதாவது 25 முறை, செய்யச் சொல்வது. ஒரு கிலோமீட்டர் ஓடினாலே கிட்டத்தட்ட ஆயிரம் அடி வைக்கிறோம். லேசான சுமையைத் திரும்பத் திரும்பத் தாங்குவதை ஓட்டமே கற்றுக்கொடுத்துவிடுகிறது. ஜிம்மில் வேண்டியது கனம்: ஆறேழு ரெப் முடிக்கும்போது இன்னும் இரண்டுதான் முடியும் என்று தோன்றும் எடை. பெண்களிடம் இந்த விஷயத்தில் பெரிய அநியாயம் நடக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும்போது, அவர்களுக்குத்தான் ஆக லேசான எடையைத் தருகிறார்கள்.

அதற்காக முதல் வாரத்திலேயே பாரத்தை ஏற்றிவிடாதீர்கள். தசையைவிட, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் பழகும். முதல் ஒன்றரை மாதம் அசைவு சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம்.

தொடைக்கு இவ்வளவு செய்பவர்கள் கெண்டைக்காலை மறந்துவிடுகிறார்கள். ஓடும்போது கெண்டைக்காலின் உள்தசை உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. நடுவயதில் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணும் அடிக்கடி மக்கர் செய்யும். படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக்காலில், முன்பாதம் மட்டும் படும்படி நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பி, மூன்று எண்ணும் வரை மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். முட்டியை நேராக வைத்து ஒரு செட் (ஒரு சுற்று), லேசாக மடக்கி இன்னொரு செட். மடக்கிச் செய்யும்போதுதான் அந்த உள்தசைக்கு முக்கிய வேலை.

போட்டி நெருங்கியதும் ஜிம்மை அடியோடு நிறுத்துவதும் தவறு. எடையைக் குறைக்காமல் செட்டைப் பாதியாக்கி, வாரம் ஒரு முறை செய்தாலே சேர்த்த வலு தங்கும். கடைசி ஒரு வாரம், பத்து நாள் மட்டும் கனமான கால் பயிற்சி வேண்டாம்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். லாங் ரன் முடித்து நாலு இட்லியும் ஃபில்டர் காபியும் சாப்பிட்டால், இட்லியிலிருந்து கிடைக்கும் புரதம் சுமார் 8 கிராம்தான். இந்த வயதில் இரண்டு பயிற்சியும் செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். 65 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிராமாவது வேண்டும். காலையில் இரண்டு முட்டை, மதியம் மீனோ கெட்டிப் பருப்போ, மாலையில் சுண்டல், இரவில் பனீர் என்று வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.