பழைய போர் விமானம் விழுந்தால், பழியை அதன் வயது மேல் போடாதீர்கள்

சாகச நிகழ்ச்சியில் பழைய போர் விமானம் ஒன்று விழுந்த செய்தி வந்ததுமே, "அறுபது எழுபது வருஷத்துப் பழசு, இதையெல்லாம் ஏன் இன்னும் பறக்க விடுறாங்க?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். விசாரணை அறிக்கையை உட்கார்ந்து படித்தால் வேறு கதை தெரியும். திட்டத்தில் ஒரு உயரம், பறந்தது வேறு உயரம். மாற்ற வேண்டிய நட்டை மாற்றவில்லை. யார் எந்த உயரத்தில் என்று யாரும் பேசி வைக்கவில்லை. இவை எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

2015 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் தென்கரையில் ஷோரம் விமான சாகச நிகழ்ச்சி. விழுந்தது 1950களில் செய்த ஹாக்கர் ஹண்டர் ஜெட், இரண்டு இருக்கை கொண்ட டி7 ரகம் (1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் இருக்கும் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கிய அதே ஹண்டர் குடும்பம்தான்). வளையம் போல மேலே ஏறி, தலைகீழாகக் கவிழ்ந்து, இறங்கி வரும் கரணம் அது. இந்தக் கரணத்தில் எல்லாக் கணக்கும் தொடங்கும்போதே முடிவாகிவிடும். போதிய வேகத்தோடு நுழைந்தால்தான் போதிய உயரம் கிடைக்கும், அந்த உயரம் இருந்தால்தான் கீழே இழுத்து நிமிர்த்த இடம் இருக்கும். விமானிக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரம் 500 அடி, அவர் தொடங்கியது சுமார் 185 அடியில். வேகம் 350 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) இருந்திருக்க வேண்டும், இருந்தது 310 அளவில். எஞ்சினும் முழு விசையில் இல்லை. உச்சியில் 3,500 அடி வேண்டிய இடத்தில் 2,700 அடிதான் வந்தது, 150 நாட் வேண்டிய இடத்தில் 105தான் மிஞ்சியது.

அந்த நிலையிலும் வழி இருந்தது. உச்சியைத் தாண்டி 4 விநாடி வரைக்கும் கரணத்தைக் கைவிட்டு, விமானத்தைப் புரட்டி நேராக்கிப் பறந்துபோயிருக்கலாம் என்று பிரிட்டன் விமான விபத்து விசாரணைப் பிரிவு கண்டுபிடித்தது. ஆனால் ஹண்டரில் அப்படித் தப்பிக்கும் உத்தியில் அந்த விமானிக்கு முறையான பயிற்சியும் இல்லை, யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அவர் வேறு சில விமானங்களும் ஓட்டுபவர். அவற்றில் ஒன்றான ஜெட் ப்ரோவோஸ்ட் என்ற பயிற்சி விமானத்தின் உயர, வேக அளவுகள் அந்த நேரத்தில் மனதில் வந்திருக்கலாம் என்பதும் விசாரணையில் பேசப்பட்டது. ஆகவே இரண்டு மூன்று ரக விமானங்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் எண்களை ஞாபகத்தை நம்பி விடக்கூடாது. உச்சியில் குறித்த உயரமும் வேகமும் வரவில்லையா, யோசிக்கவே வேண்டாம், கரணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதையும் அதே ரக விமானத்தில், நல்ல உயரத்தில், கை பழகும்வரை செய்து பார்த்திருக்க வேண்டும்.

அன்று செத்தவர்கள் 11 பேர். ஒருவர்கூட டிக்கெட் வாங்கி மைதானத்துக்குள் நின்றவர் இல்லை! பக்கத்தில் போகும் ஏ27 சாலையில் காரில் போனவர்கள், கால்பந்து ஆடப் போய்க்கொண்டிருந்த இளைஞர்கள், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள். விமானி பலத்த காயத்தோடு உயிர் பிழைத்தார். வேலிக்கு உள்ளே இருக்கிறவர்களை மட்டும் கணக்கில் வைத்துப் பாதுகாப்புத் திட்டம் போடுவது ஏற்பாட்டாளர்கள் செய்யும் பெரிய தவறு. விமானி என்னென்ன கரணம் போடப்போகிறார், எதன் மேலே போடப்போகிறார் என்று தெரியாமல் ஆபத்தை எப்படி மதிப்பிட முடியும்?

அப்புறம், சின்ன உதிரிபாகம்தானே என்ற அலட்சியம். 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் 'கேலோப்பிங் கோஸ்ட்' என்ற பி-51 மஸ்டாங் பழைய போர் விமானம், பார்வையாளர் இருக்கைகள் மேலேயே விழுந்தது. விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனால், வால் பகுதியில் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடான டிரிம் டேபைப் பிடித்திருந்த லாக் நட்டுகளில் (தானாகத் தளராத நட்டுகளில்) போய் நின்றது. ஒருமுறை போட்டுக் கழற்றினால் தூக்கிப் போட வேண்டிய ரகம் அது. அதையே திரும்பப் போட்டு முடுக்கியிருந்தார்கள், உள்ளே இருக்கும் பிடிமானம் தேய்ந்துபோயிருந்தது. திருகு தளர்ந்து, டேப் படபடவென்று அதிர்ந்து உடைய, விமானம் மேல்நோக்கி வெட்டி எழுந்தது. விமானி மேல் ஏறிய சுமை சுமார் 17 ஜி, அதாவது உடல் எடையைப் போல 17 மடங்கு, நினைவு தப்பாமல் யாராலும் தாங்க முடியாது. வேகத்துக்காகச் செய்த மாற்றங்களைப் பறந்து சோதித்துப் பார்க்காததும், முறையாக எழுதி வைக்காததும் சேர்ந்துகொண்டது. பட்டறையில் இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கழற்றிய லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள், எதை மாற்றினாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அமெரிக்காவின் டாலஸில் 2022 நவம்பர் 12 அன்று சாகச நிகழ்ச்சியில் பி-63 கிங்கோப்ரா போர் விமானம் ஒன்று பி-17 குண்டுவீச்சு விமானத்தில் மோதி 6 பேர் இறந்தது இன்னொரு வகை. போர் விமானங்களையும் குண்டுவீச்சு விமானங்களையும் ஒரே நேரத்தில் பறக்க விட்டவர்கள், யார் எந்த உயரம் என்று புறப்படும் முன்பும் பேசவில்லை, மேலே போன பிறகும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். சரிந்து திரும்பும் போர் விமானத்தில் மூக்கும் இறக்கையும் எவ்வளவு மறைக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். உயரத்தைப் பிரித்துக் கொடுக்காமல் எந்தக் கூட்டுப் பறத்தலையும் தொடங்கக்கூடாது.

விபத்து நடந்த இடத்துக்கு ஓடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஜெட்களில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்துத் தோட்டாக்கள் இருக்கும். ஷோரம் ஹண்டரில் அந்தத் தோட்டாக்களின் ஆயுட்காலம் முடிந்திருந்தது, ஆனாலும் அவை வெடிக்கக்கூடிய நிலையில்தான் இருந்தன, மீட்பு வேலைக்கு வந்தவர்களுக்கே ஆபத்து. உதவ வேண்டும் என்ற துடிப்பு புரிகிறது. ஆனாலும் இருக்கையையோ அதன் கைப்பிடியையோ தொடாதீர்கள், தெரிந்தவர்கள் வந்து, இருக்கை வெடித்துக் கிளம்பாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியைச் செருகும் வரை மற்றவர்களையும் தள்ளி நிறுத்துங்கள்.