திருகாணியின் தலையும் பள்ளமும்: எதற்கு எந்தத் திருப்புளி?

திருகாணி கெடுவதற்குப் பெரும்பாலும் அதன் இரும்பு காரணமாக இருப்பதில்லை. பொருந்தாத முனையை வைத்துத் திருகுவதுதான் காரணம். பள்ளத்தின் ஓரம் ஒருமுறை மழுங்கிவிட்டால் அதைக் கழற்றுவது பெரும்பாடு. திருகாணியைக் கையில் எடுத்ததும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: ஒன்று தலையின் வடிவம், மற்றொன்று தலைமேல் வெட்டியிருக்கும் பள்ளம். எந்தத் தலையிலும் எந்தப் பள்ளமும் இருக்கலாம்.

படி 1: தலையைப் பக்கவாட்டில் பாருங்கள்

திருகாணியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் தலையின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அது கூம்பாகச் சரிந்திருந்தால், மரத்துக்குள் இறங்கி மேற்பரப்போடு சமமாக அமர வேண்டிய திருகாணி. கதவுக் கீல்களில் இருப்பது இதுதான். மில்லிமீட்டர் அளவில் வருபவற்றில் இந்தக் கூம்பின் கோணம் 90 பாகை. அங்குல அளவில் வருபவற்றில் பொதுவாக 82. துளையின் வாயையும் அதே சரிவில் அகலப்படுத்திய பிறகே இதை முடுக்க வேண்டும். சாதாரணத் துளையில் முடுக்கினால் தலை ஆப்பாக இறங்கும். மரம் பிளக்கும், பிளாஸ்டிக் தகடு விரிசல் விடும்.

அடிப்பக்கம் தட்டையாக இருந்தால், மேலே நின்று தகட்டை அழுத்திப் பிடிக்கும் திருகாணி. மேற்புறம் உருண்டையாக இருந்தாலும் சரி, குட்டையாக இருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான். சாதாரண வாஷர் போடுவதென்றால் இதற்கு மட்டுமே போடுங்கள். ஜிப்சம் பலகைக்கான திருகாணியின் தலை இரண்டிலும் சேராதது. அதன் அடிப்பக்கம் வளைவாகக் குவிந்திருப்பதால் பலகையின் காகிதம் கிழியாமல் உள்ளே அமர்கிறது.

வாங்கும்போது பலரும் தவறவிடுவது நீளக் கணக்கு. 4×40 என்றால் விட்டம் 4 மி.மீ., நீளம் 40 மி.மீ. கூம்புத் தலையென்றால் அந்த 40 தலையையும் சேர்த்தது. தட்டை அடி என்றால் தலைக்குக் கீழிருந்து அளந்தது.

படி 2: மேலிருந்து பள்ளத்தைப் பாருங்கள்

ஒற்றைக்கோட்டுப் பள்ளம் மிகப் பழையது. திருப்புளி பக்கவாட்டில் வழுக்கி மரத்தைக் கீறும். பழைய மரச்சாமான்களின் அழகைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தவிர, புதிய மரவேலைக்கு இதை வாங்கக் காரணமே இல்லை.

தகராறு முழுவதும் கூட்டல் குறிப் பள்ளத்தில்தான். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதில் மூன்று வகைகள் பரவலாகப் புழங்குகின்றன. முதலாவது ஃபிலிப்ஸ். அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற வகை இது. அதே காலத்தில் காடிலாக் கார்களில் இடம்பெற்று அங்கிருந்து பரவியது. இதன் சுவர்கள் சரிவானவை. அதனால் இறுக இறுக முனை மேல்நோக்கித் தள்ளப்படும். இரண்டாவது போசிட்ரைவ். கூட்டல் குறியின் நான்கு இடைவெளிகளிலும் மெல்லிய கோடு ஒவ்வொன்று கீறியிருந்தால் அது இதுதான். ஐரோப்பிய முறையில் செய்த அறைகலன்களில் ஏராளம். சுவர்கள் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் பிடிப்பு அதிகம். ஃபிலிப்ஸ் முனை இதற்குள் நுழைந்துவிடும், ஆனால் ஆடும்; அந்த ஆட்டம்தான் பள்ளத்தைத் தின்கிறது. போசிட்ரைவ் முனையோ ஃபிலிப்ஸ் பள்ளத்தில் முழுதாக இறங்கவே இறங்காது. மூன்றாவது ஜப்பானியத் தர வகை. தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களிலும் பழைய கேமராக்களிலும் காணலாம். ஃபிலிப்ஸ் முனை இதில் அடியைத் தொட்டு நின்றுவிடுவதால் சுவர்களைச் சரியாகப் பற்றாது.

சதுரப் பள்ளத்துக்குக் கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் 1909-இல் காப்புரிமை பெற்றார். அங்கே இன்றும் பரவலாக இருக்கிறது. அறுகோணப் பள்ளத்துக்கு ஆலன் கீ (L வடிவில் வளைந்த அறுகோணக் கம்பி) வேண்டும், தலையில் இந்தப் பள்ளம் உள்ள 6 மி.மீ. சாக்கெட் போல்ட்டுக்கு 5 மி.மீ. கீ. அங்குலக் கீயை இதில் நுழைக்காதீர்கள். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ.தான். அந்தச் சிறு இடைவெளி போதும், மூலைகள் உருண்டுவிடும்.

ஆறு இதழ் கொண்ட டார்க்ஸ் 1967-இல் வந்தது. சுவர்கள் செங்குத்தானவை என்பதால் முனையை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய இல்லை. டிரில்லால் முடுக்குகிற வேலைக்கு என் முதல் தேர்வு இதுதான். நடுவில் சிறு குச்சி நீட்டிக்கொண்டிருந்தால், முனையில் துளையுள்ள பிட் (டிரில்லில் மாட்டும் திருப்புளி முனை) தேவை.

படி 3: திருகும் முன் ஆட்டிப் பாருங்கள்

முனையைப் பள்ளத்தில் வைத்து, திருகாமல், இடமும் வலமும் லேசாக அசையுங்கள். சரியான முனை அசையாது. ஆடினால் அடுத்த பெரிய எண்ணைப் பாருங்கள். ஃபிலிப்ஸிலும் போசிட்ரைவிலும் 3.5 முதல் 5 மி.மீ. வரையுள்ள திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2-ஆம் எண் பொருந்தும். பள்ளத்தில் பெயின்ட் படிந்திருந்தால் ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே சோதியுங்கள்.

படி 4: முதலில் அழுத்தம், பிறகு திருப்பம்

திருப்புளியைத் திருகாணியின் நேர்க்கோட்டில் பிடித்து, உள்ளங்கையால் அழுத்திய பிறகு திருப்புங்கள். ஃபிலிப்ஸ் என்றால் அழுத்தம் இன்னும் கூடுதலாக வேண்டும். டிரில்லில் வேகத்தைக் குறைத்து வையுங்கள். கடைசிச் சில சுற்றுகளைக் கையால் முடிப்பது நல்லது.

படி 5: ஏற்கெனவே மழுங்கியிருந்தால்

பிட்டைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். முனை ஆழமாக அமரும், துருவும் சற்று விடும். அடுத்து, அகலமான ரப்பர் பேண்டைப் பள்ளத்தின் மேல் விரித்து, அதன்மேல் முனையை அழுத்தி மிக மெதுவாக இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அசையாமல் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இரும்பு அறுக்கும் வாளால் ஒரு கோடு வெட்டித் தட்டை முனைத் திருப்புளியைப் பயன்படுத்தலாம். இப்படிக் கழற்றிய திருகாணியை மறுபடியும் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.