காலக்கெடு தவறாது என்பதைக் கணக்கிட்டு நிறுவுதல்: நிகழ்நேர அமைப்புகளுக்கான செய்முறை விளக்கம்

மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய பலகையில் மூன்று பணிகள் ஒரே செயலியில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பணியும் குறித்த காலக்கெடுவுக்குள் முடிந்தாக வேண்டிய இத்தகைய அமைப்பே நிகழ்நேர அமைப்பு. பல நாட்கள் ஓடவிட்டும் கோளாறு எதுவும் தென்படவில்லை என்பது, மிக மோசமான கணத்திலும் காலக்கெடு தவறாது என்பதற்குச் சான்றாகாது. அந்த உறுதியை எளிய கூட்டல், வகுத்தல் மூலமே பெற முடியும்.

படி 1: பணிகளின் விவரங்களைக் குறித்தல்

மோட்டார் பணி 10 மில்லி நொடிக்கு ஒருமுறை எழுந்து 3 மில்லி நொடி ஓடுகிறது. சென்சார் பணி 15க்கு ஒருமுறை 4. திரைப் பணி 40க்கு ஒருமுறை 10. அடுத்த முறை எழுவதற்குள் முடிப்பதே ஒவ்வொன்றின் காலக்கெடு. அடிக்கடி எழும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள்; அது எழும்போது, தாழ்ந்த முன்னுரிமைப் பணியை நிறுத்திவிட்டு ஓடும். ஓடும் நேரமாக நீங்கள் எழுதுவது சராசரியாக இருக்கக் கூடாது, அதிகபட்சமாக இருக்க வேண்டும். இந்த எண் தவறினால் பின்வரும் கணக்கு முழுவதும் பயனற்றுப் போகும்.

படி 2: செயலியின் மொத்தச் சுமை

3/10, 4/15, 10/40 ஆகியவற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 0.82 கிடைக்கும். இந்த முன்னுரிமை முறைக்கு லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் 1973இல் நிறுவிய வரம்பு மூன்று பணிகளுக்கு 0.78. சுமை அதற்குள் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தாண்டினால் அமைப்பு தோற்றுவிட்டது என்று பொருளல்ல. நுணுக்கமான கணக்கு தேவை என்பது மட்டுமே பொருள்.

படி 3: மறுமொழி நேரம்

ஒரு பணி எழுந்ததிலிருந்து முடியும் வரை ஆகும் நேரமே மறுமொழி நேரம். மூன்று பணிகளும் ஒரே கணத்தில் எழுவதே மிக மோசமான நிலை. திரைப் பணி 10 மில்லி நொடியில் முடியும் என்று தொடங்கி, அந்த இடைவெளிக்குள் உயர் முன்னுரிமைப் பணிகள் எத்தனை முறை குறுக்கிடும் என்பதை வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கிக் கூட்ட வேண்டும். முதல் சுற்றில் 10 + 3 + 4 = 17; அந்த 17ஐ வைத்து மீண்டும் கணக்கிட்டால் 10 + 6 + 8 = 24; அடுத்து 10 + 9 + 8 = 27; அதற்கடுத்த சுற்றிலும் 27தான் வருகிறது. விடை மாறாமல் நின்றுவிட்டதால் அதுவே மறுமொழி நேரம், 40க்குள் அடங்குகிறது. இதே முறையில் சென்சாருக்கு 7, மோட்டாருக்கு 3.

படி 4: பகிரப்படும் வளம்

திரைப் பணியும் மோட்டார் பணியும் ஒரே நினைவகப் பகுதியை மியூடெக்ஸ் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டுமே உள்ளே விடும் பூட்டு) வழியாகப் பயன்படுத்துகின்றன என்றும், திரைப் பணி அதை 4 மில்லி நொடி வரை பிடித்து வைத்திருக்கும் என்றும் கொள்வோம். பூட்டுக்காக மோட்டார் காத்திருக்கும்போது, பூட்டோடு தொடர்பே இல்லாத சென்சார் பணி எழுந்து திரைப் பணியை நிறுத்திவிட்டு ஓடலாம். அப்போது மோட்டாருக்கு 3 + 4 + 4 = 11; காலக்கெடு தவறுகிறது. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆனதற்குக் காரணம் இந்த முன்னுரிமைத் தலைகீழாக்கமே. பூமியிலிருந்தபடியே முன்னுரிமை மரபுரிமை வசதியை இயக்கி அதைச் சரிசெய்தார்கள்.

அவ்வசதியின்படி, பூட்டை வைத்திருக்கும் பணி அதற்காகக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுகிறது. இப்போது மோட்டாருக்கு 3 + 4 = 7 போதும். ஆனால் சென்சாரும் அந்த 4 மில்லி நொடி தடைபடக்கூடும் என்பதால் அதன் கணக்கு 4 + 4 + 3 = 11 ஆகி, 10ஐத் தாண்டுவதால் மோட்டார் மறுபடியும் குறுக்கிட்டு 14இல் நிற்கிறது; மிச்சம் 1 மில்லி நொடிதான். பூட்டு நேரத்தை 2 ஆகக் குறைத்தால் இரண்டாவது குறுக்கீடே நிகழாமல் விடை 9க்கு இறங்குகிறது. ஆகவே பூட்டுக்குள் இருக்கும் நிரலைச் சுருக்குவதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்யுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் (FreeRTOS) என்ற நிகழ்நேர இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அதன் மியூடெக்ஸில் இந்த மரபுரிமை உண்டு, பணிகள் ஒன்றுக்கொன்று சைகை காட்டப் பயன்படும் பைனரி செமஃபோரில் கிடையாது.

படி 5: மாதிரிச் சரிபார்ப்பு

ஒரு பணி மற்றொன்றின் செய்திக்காகக் காத்திருப்பது போன்ற சிக்கலான உறவுகள் இருந்தால் மேற்கண்ட கணக்கு போதாது. உப்சாலா, ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய உப்பால் (UPPAAL) என்ற மாதிரிச் சரிபார்ப்புக் கருவியில் ஒவ்வொரு பணியையும் நேரத் தானியங்கியாக (நிலைகளும் கடிகாரங்களும் கொண்ட வரைபட மாதிரியாக) வரைந்து, காலக்கெடு தவறிய நிலையை எட்ட முடியுமா என்று கேட்கலாம். குறுக்கிட்டு நிறுத்தப்படும் பணியைக் குறிக்க நிறுத்துகடிகாரம் (இடையில் நிறுத்தி மீண்டும் ஓடவிடக்கூடிய கடிகாரம்) சேர்த்தால், கருவி உண்மையில் நடக்கக்கூடியதைவிடச் சற்று அதிகமான நிலைகளை ஆராயும். அதனால் "எட்ட முடியாது" என்ற விடையை நம்பலாம். "எட்டலாம்" என்று வந்தால், அது காட்டும் நிகழ்வு வரிசை உண்மையில் சாத்தியமா என்பதை நீங்களே சரிபார்க்க வேண்டும்.